எமது திருச்சபை வரலாற்று வட்டம், மட்டக்களப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, அங்கத்தவர்களே,

இவ்வாண்டு நிருவாகசபை ஒன்பது முறை கூடியது. இரண்டு முறை ஆள் போதாமல் கலைந்தோம். ஒளிவிழா வழமைபோல் நடந்தது.

மண்டபத்துப் புதிய பெயர்ப்பலகைக்கு ஏன் இவ்வளவு காலம் என்று போன கூட்டத்தில் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது என் கடமை. பழைய பலகையில், மெதடிஸ்த மிஷனரிகளை இங்கே அழைத்துவரப் புறப்பட்ட தோமஸ் கோக் 1814இல் காலியில் வந்திறங்கினார் என்று இருந்தது. அவர் இந்த மண்ணை மிதிக்கவேயில்லை. 1813 டிசெம்பர் கடைசியில் ஆறு இளம் போதகர்களோடு இங்கிலாந்தில் கப்பலேறியவர், 1814 மே 3ஆம் திகதி காலை தன் அறையில் இறந்து கிடந்தார். உடலைக் கடலில் இறக்கினார்கள். பணப்பொறுப்பு முழுவதும் அவரிடமே இருந்தது. மற்றவர்கள் பம்பாயில் வெறுங்கையோடு இறங்கி, ஒரு வணிகர் கடன் கொடுத்த பிறகே காலிக்கு வந்தார்கள். அங்கே கூடி, லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கு, வில்லியம் ஓல்ட் எங்கள் மட்டக்களப்புக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

அதே பயணத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர் ஓல்ட். தனியாளாக இங்கு வந்து பள்ளிக்கூடங்கள் தொடங்கி, ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரலில் இறந்துபோனார். அவருடைய பெயர் பழைய பலகையில் அடிவரியில், வண்ணம் உரிந்து "ஓ" மட்டும் மிஞ்சிக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு அவசரப்பட என்னால் முடியவில்லை. எழுதுபவர் ஸ்குவான்ஸின் பெயரை இரண்டு முறை பிழையாக எழுதினார். இரண்டு முறையும் சுரண்டி எழுதுவித்தேன். இப்போது ஓல்ட்டின் பெயர் வாசலில் நின்றே வாசிக்கலாம்.

பலகை மாட்டிய அன்று வந்தவர்கள் நால்வர். அறுபத்திரண்டு அங்கத்தவர்களில் சந்தா கட்டியவர்கள் இருபத்துமூன்று பேர்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரி. குறைந்ததை நான் கையிலிருந்து போட்டேன். பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் உள்ளன. போதகர் ஐயாவுக்கும், தேநீர் தந்த மாதர் சங்கத்துக்கும், ஏணி தந்த அயலவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்தெழுத வேண்டும். ஓரங்களில் கறையான் ஏறிவிட்டது. சனிக்கிழமை காலையில் இரண்டு பேர் வந்தால் போதும், நான் திறப்போடு இருப்பேன். நிலுவைச் சந்தாவை இன்று தேநீர் வேளையில் பொருளாளர் வாங்கிக்கொள்வார்.

செயலாளர்