வில்வித்தை அணி மாணவரின் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

கொழும்பு

அன்புள்ள பெற்றோருக்கு,

எமது வில்வித்தை அணியிலுள்ள பிள்ளைகளுக்கு இத்தவணை முதல் மூச்சுப் பயிற்சியும் மனக்காட்சிப் பயிற்சியும் கற்பிக்கப்படுகின்றன. வில்லைத் தொடாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதற்காகவா பிள்ளைகளைப் பாடசாலை விட்ட பின்னரும் மறித்து வைத்திருக்கிறீர்கள் என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தீர்கள். அது நியாயமான கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒலிம்பிக் போட்டியில் 70 மீற்றருக்கு அப்பால் நிற்கும் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்ரிமீற்றர் மட்டுமே. தனிநபர் ஆட்டத்தில் ஓர் அம்பை எய்ய 20 செக்கன்தான் கிடைக்கும். 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கின் ஒளிபரப்பில் வில்லாளர்களின் இதயத் துடிப்பும் திரையில் காட்டப்பட்டது. நின்ற இடத்தை விட்டு அசையாதவர்களுக்கே அது எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பலரும் அப்போதுதான் கண்டார்கள். தோள் வலுவை மட்டும் வளர்த்து இந்தப் பதற்றத்தை வெல்ல முடியாது.

வயிறு மெல்லப் புடைக்க மூக்கால் மூச்சை இழுத்து, இழுத்ததைவிடக் கூடுதலான நேரம் எடுத்து வெளிவிடுவதே முதற் பயிற்சி. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும். பின்னர் வில்லை உயர்த்தும்போது இழுத்த மூச்சில் ஒரு பகுதியை, நாணை இழுத்துத் தாடையில் பதிக்கும்போது விட்டு, குறிவைக்கும் சில கணங்கள் மட்டும் மீதியை நிறுத்தப் பழகுகிறார்கள். நெடுநேரம் மூச்சை அடக்கினால் கை நடுங்கத் தொடங்கும் என்பதால் பயிற்றுநர் அதை அனுமதிப்பதில்லை. இதில் மந்திரமோ வழிபாடோ கிடையாது. எந்தச் சமயத்துப் பிள்ளையும் தயக்கமின்றிப் பங்குபற்றலாம்.

மனக்காட்சி என்பது வெற்றியைக் கனவு காண்பதன்று. கைப்பிடியின் அழுத்தம், தாடையில் நாண் படும் உணர்வு, அம்பு முழு நீளத்துக்கு இழுபட்டதும் வில்லில் பொருத்திய கிளிக்கர் என்னும் சிறு தகடு எழுப்பும் ஒலி, அம்பு போன பின்னும் அசையாமல் நிற்கும் இடது கை ஆகிய யாவற்றையும், உண்மையில் எய்ய எடுக்கும் அதே நேரத்தில், பிள்ளை மனத்துள் நிகழ்த்திப் பார்க்க வேண்டும். இடையில் குழம்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில பிள்ளைகளுக்குக் காட்சி தெளிவாகத் தோன்றாது. அவர்கள் தொடுவுணர்வையும் ஒலியையும் பற்றிக்கொண்டாலே போதும்.

வீட்டில் இரவுணவுக்கு முன் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கிக் கொடுங்கள். காலி வீதி (Galle Road) போன்ற பெருந்தெருவின் வாகன இரைச்சல் கேட்கும் வீடென்றாலும் குறையில்லை. தென்கொரிய அணியினர் ஆரவாரத்துக்குப் பழகுவதற்கென்றே பேஸ்போல் அரங்குகளில் எய்து பயில்வதுண்டு. ஆனால் வீட்டில் வில்லை எடுக்க விடாதீர்கள். அம்பின்றி நாணை விட்டால் வில் முறியவும் பிள்ளை காயப்படவும் கூடும். பயிற்சி முடிந்து வரும் பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று முதலில் கேட்பதையும் தவிர்க்குமாறு உரிமையோடு வேண்டுகிறேன். எண்ணிக்கையையே நினைத்துக்கொண்டு நாணை இழுக்கும் பிள்ளைக்கு மூச்சு சீராக வருவதில்லை.

தொய்வு (ஆஸ்துமா), இதய நோய், அடிக்கடி தலைச்சுற்று உள்ள பிள்ளைகளின் விபரத்தை அடுத்த பயிற்சிக்கு முன்னர் வகுப்பாசிரியரிடம் எழுத்தில் தந்துதவுங்கள்.

இங்ஙனம்,
அதிபர்