நோட்டீஸுக்கு முன் ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

யுபிஐ வரவைக் கணக்கிட்டுப் பெங்களூரு சிறு கடைக்காரர்களுக்கு 2025 ஜூலையில் ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதை நினைவூட்டிய உங்கள் செய்தியைப் படித்தேன். வரி கட்ட வேண்டியவர் கட்டட்டும், அதில் பேச்சில்லை. ஆனால் கைபேசிக்கு வரும் பணமெல்லாம் விற்பனை ஆகிவிடாது. சீட்டுப் பணம், கைமாற்று, ஊரிலிருந்து தம்பி போட்டது எல்லாம் அதே கணக்கில்தான் விழுகிறது. அல்சூரில் நான் காய் வாங்கும் அக்கா அப்போது பயந்துபோய்க் கியூஆர் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். பாதி இன்னும் தராசுப் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்றேன். "சரிங்க, அதை அவங்க வந்து சொல்லணும்ல?" என்றார். நியாயம்தான். (எனக்கோ இன்றுவரை சில்லறை தேடும் வேலை.)

பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய், சேவை தருபவருக்கு 20 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் பதிவு என்பது எத்தனை கடைக்காரர்களுக்குத் தெரியும்? வணிக வரித்துறை சந்தைக்குச் சந்தை ஒருநாள் மேசை போட்டு, கன்னடத்தோடு தமிழிலும் இதை விளக்கலாம். நோட்டீஸ் அப்புறம் வரட்டும்.

வாசகர், அல்சூர், பெங்களூரு