அணு ஆயுதத் தொழிலாளர் இழப்பீடு: அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரு அவைகளின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கலிபோர்னியாவில், லிவர்மோர் அணு ஆயுத ஆய்வகத்துக்கு அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் வாக்காளன் நான். இந்த மடலின் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வரும். தமிழில் எழுதக் காரணம் உண்டு. டப்ளின், பிளசன்டன், சான் ரமோன் பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்களில் பலருக்கு, பக்கத்து ஊரில் 1952 முதல் நடக்கும் வேலை என்னவென்று தெரியாது. தெரிந்தவர்களும் பேசுவதில்லை. பள்ளிக்கூட மதிப்பெண்ணும் வீட்டு விலையும் பேசவே நேரம் சரியாக இருக்கிறது. உங்களுக்கு வாக்களிப்பவர்களில் அவர்களும் சேர்த்தி என்பதால் அவர்களும் படிக்கட்டும்.

2000 அக்டோபர் 30 அன்று சட்டமான எரிசக்தித் துறைத் தொழிலாளர்களின் தொழில்நோய் இழப்பீட்டுச் சட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதன் முகப்பில் உங்களுக்கு முன்னிருந்தவர்கள் எழுதிவைத்ததை உங்களில் எத்தனை பேர் படித்திருப்பீர்களோ தெரியாது. அணு ஆயுதத் தொழிலாளர்கள் தங்களுக்குத் தெரியாமலும் தங்கள் சம்மதம் இல்லாமலும் ஆபத்துக்கு உள்ளாக்கப்பட்டார்கள் என்று அதில் இருக்கிறது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதையும் ஒளிக்கவில்லை: கெட்ட பெயர் வந்துவிடுமே, பொறுப்பு நம் தலையில் விழுமே, ஆபத்தான வேலைக்குக் கூடுதல் படி கேட்பார்களே என்ற பயம். நோயாளி இழப்பீடு கேட்டால் வழக்காடித் தடுப்பதே எரிசக்தித் துறையின் கொள்கையாக இருந்தது என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வளாகங்களில் கதிர்வீச்சால் வந்த புற்றுநோய்களில் 98 சதவீதம், பாதுகாப்பானது என்று வகுத்த உச்ச அளவுக்குக் கீழேதான் வந்திருக்கின்றன என்று ஆய்வுகள் காட்டுவதாகவும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஓர் அரசு தன்னைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகச் சட்டப் புத்தகத்தில் எழுதுவது அபூர்வம். அதற்காக நான் இந்தச் சட்டத்தை மதிக்கிறேன். இதுவரை 2,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

என் வழக்கெல்லாம் ஒன்றுதான். முகப்பில் ஒப்புக்கொண்டதை உள்ளே போகப் போக மறந்துவிட்டீர்கள். பதிவேடு வைக்க வேண்டியவர் அரசும் அதன் ஒப்பந்த நிறுவனங்களும். அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் நட்டம் மட்டும் தொழிலாளிக்கு.

கென்டக்கியில் பதூக்கா யுரேனியச் செறிவூட்டல் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். அணு உலைகளில் ஏற்கெனவே எரித்து மீட்ட யுரேனியம் அங்கே 1950களிலிருந்து 1970கள் வரை வந்துகொண்டிருந்தது. அதில் புளூட்டோனியமும் நெப்டூனியமும் கலந்திருந்தன. தூசிக்குள் நின்று வேலை பார்த்தவர்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. 1999 ஆகஸ்டில் பத்திரிகையில் வந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. அடுத்த மாதம் எரிசக்தித் துறைச் செயலர் பில் ரிச்சர்ட்சன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். சட்டையில் குத்திக்கொள்ளும் ஃபிலிம் பேட்ஜ் வெளியிலிருந்து உடலில் படும் கதிரைத்தான் பதியும். மூச்சோடு உள்ளே போன புளூட்டோனியத் தூசி அதற்குத் தெரியாது. அதற்குச் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். இருப்பதாகவே ஒப்புக்கொள்ளாத பொருளை யாருடைய சிறுநீரில் தேடியிருப்பார்கள்?

இப்படிப்பட்டவருக்குப் புற்றுநோய் வந்து மனுக் கொடுத்தால், நியாஷ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் அவர் உடல் வாங்கிய கதிர்வீச்சு அளவைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்க்கிறது. வேலையால் நோய் வந்திருக்க வாய்ப்பு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,50,000 டாலரும் மருத்துவச் செலவும் உண்டு. 49.9 வந்தால் ஒன்றும் இல்லை. கணக்கில் உள்ள ஐயத்தில் பெரும்பகுதியைத் தொழிலாளிக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும் விதி இதில் இருக்கிறது. 99 சதவீத மேல் எல்லையை எடுக்கச் சொல்கிறது சட்டம். நல்ல விதிதான். ஆனால் அது அளந்த எண்ணின் ஐயத்துக்கு மருந்து. அளக்காமலே விட்டதற்கு?

அதற்கும் ஒரு வழி வைத்தீர்கள். கணக்கிடவே முடியாத அளவுக்குப் பதிவுகள் மோசமாக இருந்தால், அந்த ஆலையில் அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களைச் 'சிறப்புப் பிரிவு' என்று அறிவிக்கலாம். 250 வேலைநாள் இருந்து, பட்டியலில் உள்ள 22 வகைப் புற்றுநோய்களில் ஒன்று வந்தால் கணக்கு எதுவும் போடாமல் இழப்பீடு. பதூக்கா, போர்ட்ஸ்மத், ஓக் ரிட்ஜ் செறிவூட்டல் ஆலைகளையும் நிலத்தடி அணுச் சோதனைகள் நடந்த அலாஸ்காவின் அம்சிட்கா தீவையும் முதலிலேயே சேர்த்தீர்கள். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட பிரிவுகள் சேர்ந்தன. எங்கள் பதிவேட்டை நம்பிக் கணக்குப் போட முடியாது என்று அரசே நூறு தடவைக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கையெழுத்தும் சும்மா கிடைக்கவில்லை. அணுகுண்டின் மையக் கருவுக்கு 'குழி' (pit) என்று பெயர்; டென்வர் அருகே அந்தப் புளூட்டோனியக் குழிகள் செய்த ராக்கி பிளாட்ஸ் தொழிலாளர்கள் 2005ல் மனுக் கொடுத்தார்கள். 1983 வரை வேலை பார்த்தவர்கள் அனைவருக்கும் என்று விடை வர எட்டு ஆண்டுக்கு மேல் ஆனது. புற்றுநோய்க்காரருக்கு எட்டு ஆண்டு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த 22க்குள் புராஸ்டேட் புற்றுநோய் இல்லை. தோல் புற்றுநோய் இல்லை. அதே ஆலையில், அதே ஆண்டுகளில், அதே காற்றைச் சுவாசித்த இருவரில் ஒருவருக்கு நுரையீரலிலும் இன்னொருவருக்குப் புராஸ்டேட்டிலும் வந்தால், முன்னவருக்கு 'பதிவேடு போதாது, ஆகவே தருகிறோம்' என்பீர்கள். பின்னவரிடமோ, எஞ்சியிருக்கும் அரைகுறைப் பதிவை வைத்துப் போட்ட கணக்கு வரும். தெரியாத பங்கு அந்தக் கணக்கில் சேராது. தெரிந்த கொஞ்சத்தை மட்டும் கூட்டினால் 50 எங்கே வரப்போகிறது?

புராஸ்டேட் புற்றுநோய் வயதானால் யாருக்கும் வருவதுதானே என்று உங்கள் ஆலோசகர்கள் சொல்வார்கள். உண்மை. கதிர்வீச்சோடு அதற்குள்ள தொடர்பு மற்றவற்றை விடப் பலவீனம் என்பதும் உண்மை. அதனால் எல்லாவற்றையும் பட்டியலில் கொட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. சிறப்புப் பிரிவில் உள்ள எவருக்கும், எந்தப் புற்றுநோயானாலும், மருத்துவச் செலவையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். தொகையைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். நம்பத்தகாதது என்று நீங்களே தள்ளிய பதிவேட்டை மறுபடி எடுத்து ஒரு நோயாளியை மறுக்கப் பயன்படுத்துவதை மட்டும் நிறுத்துங்கள்.

அந்த 250 நாளிலும் இதே கதைதான். குழாய் பொருத்தியவர், மின்வேலை பார்த்தவர், தரை கூட்டியவர் எல்லாம் பெரும்பாலும் துணை ஒப்பந்ததாரரிடம் கூலி வாங்கியவர்கள். அந்த நிறுவனம் கலைந்து, சம்பளச் சீட்டு போன இடம் தெரியாமல் போயிருக்கும். வாயிற்காவல் ஏட்டைக் காப்பாற்றி வைக்க வேண்டியது ஆலையா, தரை கூட்டியவரா? கூட வேலை செய்தவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால், அதைப் பொய் என்று காட்டும் சுமை அரசுக்கு இருக்கட்டும்.

கதிர்வீச்சு மட்டுமல்ல. அணு ஆயுதப் பாகங்களில் பெரிலியம் என்ற உலோகம் உண்டு. அதன் நுண்தூசி சிலருக்கு நுரையீரலைக் கெடுக்கும். பல பத்தாண்டு கழித்தும் கெடுக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் 2 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று அணுசக்தி ஆணையம் 1949ல் வைத்த வரம்பை, இரண்டு நிபுணர்கள் டாக்சியில் போகும்போது பேசி முடிவு செய்ததாகத் தொழிற்சுகாதார வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். பொதுத் தொழிற்கூடங்களுக்கு அது 0.2 ஆகக் குறைந்தது 2017ல்தான்.

2004ல் 'பகுதி இ' என்று சேர்த்தீர்கள்: நச்சுப் பொருள்களால் வந்த நோய்க்கு 2,50,000 டாலர் வரை. இதில்தான் எனக்கு ஆறவே ஆறாத ஒரு விதி இருக்கிறது. தொழிலாளி இறந்து, துணையும் இல்லை என்றால், முன்சொன்ன 1,50,000 டாலரைத் தரும் 'பகுதி பி'யில் பிள்ளைகள் எந்த வயதினராயினும் வாரிசு. 'பகுதி இ'யில் தகப்பன் இறந்த நாளில் பிள்ளை 18 வயதுக்குள் இருக்க வேண்டும், அல்லது 23க்குள் முழுநேர மாணவராக இருக்க வேண்டும், அல்லது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள இயலாதவராக இருக்க வேண்டும். இருபது, முப்பது ஆண்டு பதுங்கியிருந்து வெளிப்படும் நோய் இது. அது ஆளைக் கொல்லும்போது பிள்ளைக்கு நாற்பது, ஐம்பது வயதாகியிருக்கும். வேலையை விட்டுவிட்டு ஆக்சிஜன் உருளையோடு தகப்பனைப் பார்த்துக்கொண்ட மகளுக்கு, நீ பெரியவளாகிவிட்டாய் என்று பதில். நோயின் இயல்பு தெரிந்தே எழுதிய விதி என்றால் கொடுமை. தெரியாமல் எழுதியது என்றால் இருபது ஆண்டாகியும் திருத்தாதது ஏன்?

தொகையைப் பற்றிச் சுருக்கமாக. 2000ல் வைத்த 1,50,000 இன்றும் 1,50,000. அந்தப் பணத்தின் மதிப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. உயர்த்த முடியாதது அல்ல. 2024 ஜூனில் காலாவதியான கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டத்தை 2025 ஜூலையில் உயிர்ப்பித்தபோது, சோதனை வெடிப்புகளின் காற்றடித்த திசையில் வாழ்ந்தவர்களுக்கு 50,000 என்றிருந்ததை 1,00,000 ஆக்கினீர்கள். நல்ல காரியம், அதே பேனாவால் இதையும் திருத்தலாம்.

வழக்காடும் பழக்கம் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. நாகசாகிக் குண்டுக்குப் புளூட்டோனியம் தந்த ஹான்ஃபோர்டில் வேலை பார்த்தவர்களுக்கு வரும் சில நோய்களை வேலையால் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலம் 2018ல் சட்டம் போட்டது. ஒன்றிய அரசு வழக்குப் போட்டு, 2022ல் உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதான தீர்ப்பு வாங்கியது. சட்ட நுணுக்கத்தில் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் நோயாளிகள் பக்கம் சாய்ந்த ஒரு மாநிலத்தை எதிர்த்து இவ்வளவு தூரம் போன அரசு, சட்டத்தின் முகப்பில் எழுதிய அதே அரசுதான்.

இதெல்லாம் பழைய கணக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆண்டுக்குக் குறைந்தது 80 புளூட்டோனியக் குழிகள் செய்ய வேண்டும் என்று சட்டம் இயற்றி, லாஸ் அலமோசிலும் சவானா ரிவரிலும் வேலையைத் தொடங்க வைத்திருப்பவர்கள் நீங்கள்தான். அங்கே இன்று, புளூட்டோனியத்தைக் கையாளும் மூடிய கையுறைப் பெட்டிக்குள் கைவிட்டு நிற்கும் இளைஞர் 2050ல் மனுக் கொடுக்க நேரலாம். அவருடைய கதிர்வீச்சு அளவுப் பதிவுகளின் முழுப் படியை ஆண்டுதோறும் அவர் கையிலேயே கொடுக்கச் சொல்லி இப்போதே விதி செய்யுங்கள். தொலைந்தால் அவரிடம் ஒன்று இருக்கும்.

ஒவ்வோர் அக்டோபர் 30ம் அணு ஆயுதத் தொழிலாளர் நினைவு நாள். செனட்டில் தீர்மானம் நிறைவேறும். உரைகளில் 'பனிப்போரின் வீரர்கள்' என்பீர்கள். இந்த ஆண்டுத் தீர்மானத்தோடு ஒரு திருத்த மசோதாவும் வரட்டும். சிறப்புப் பிரிவினருக்கு மருத்துவச் செலவு, 'பகுதி இ'யில் வயது வந்த பிள்ளைகளுக்கும் உரிமை, விலைவாசியோடு உயரும் தொகை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அதை முன்மொழிய முன்வருபவர் யார் என்று என் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே தமிழில் வெளியிடுவேன்.

இப்படிக்கு,
லிவர்மோர் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வாக்காளன்