100 வாட் என்று விற்ற 42 வாட் விளக்கு: முறைப்பாடு

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
பொருள்: குளிர்காலத்தில் வீட்டுக்குள் பொன்சாய் (சட்டியில் வளர்க்கும் குறுமரம்) வளர்க்க வாங்கிய விளக்கு, முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோரல்

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில். நான் எழுதியது கருத்து அல்ல, முறைப்பாடு.

நவம்பர் 8 அன்று உங்கள் ஸ்காபரோ கடையில் 213 டொலர் 57 சதம் (வரியோடு) கொடுத்து வாங்கிய வெள்ளைப் பலகை விளக்கைப் பற்றியது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு குமிழ் வைத்த மாடல்; எது என்று உங்களுக்குத் தெரியும். பெட்டியில் "100 வாட்" என்றிருக்கிறது. செருகியில் வாட் மீற்றர் மாட்டி, குமிழை முழுதாகத் திருகி அளந்தால் 42. "1000 வாட்டுக்குச் சமம்" என்ற விளம்பரத்தையெல்லாம் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. சுவரிலிருந்து இழுக்கிற வாட்தான் விளக்கு, மற்றதெல்லாம் அட்டைப்பெட்டி.

மிக நல்ல எல்.ஈ.டி. சிப் என்றே வைத்துக்கொள்வோம், வாட்டுக்கு வினாடிக்கு 2.5 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்களை எண்ணும் அலகு). 42 வாட்டுக்கு 105. அதை நீங்கள் சொல்லும் 4க்கு 2 அடித் தட்டில், அதாவது 0.74 சதுர மீற்றரில், ஒரு துளி சிந்தாமல் பரப்பினாலும் சதுர மீற்றருக்குச் சராசரி 142ஐத் தாண்டாது. பெட்டியிலோ 45 செ.மீ. உயரத்தில் 400! இந்த ஒளியை அளக்கும் குவாண்டம் மீற்றரில் அளந்தேன்: 45 செ.மீ.இல் நடுவில் 160, மூலையில் 20. 400 எங்கே வருகிறது தெரியுமா? 25 செ.மீ.க்கு இறக்கினால், நடுப்புள்ளியில் மட்டும். அங்கே ஒரு சட்டிதான் நிற்கும்.

14 மணி நேரம் எரித்தால் நடுவில் ஒரு நாளைக்குச் சதுர மீற்றருக்கு 8 மோல் (ஒரு மோல் என்றால் பத்து லட்சம் மைக்ரோமோல்), மூலையில் 1 மோல். பைகஸ் (அத்தி இன மரம்) கணு நெருங்கி வளர 12 முதல் 15 மோலாவது வேண்டும். மூலையில் நின்ற பைகஸின் கணு இடைவெளி அரை செ.மீ.இலிருந்து 3 செ.மீ. ஆகிவிட்டது, இலையும் இரு மடங்கு. என்னிடமுள்ள இன்னொரு பொன்சாய் மரமான ஃபுகியன் டீ உள்கிளை இலையெல்லாம் கொட்டிவிட்டது. பொன்சாயில் உள்கிளை செத்தால் அந்த இடத்தில் திரும்பத் தளிர் வரும் என்று நம்பி இருக்க முடியாது. பன்னிரண்டு வருட உழைப்பு ஒரே குளிர்காலத்தில் மண்ணாகிவிட்டது. விளக்கை 30 நாளுக்குள் நான் திருப்பித் தந்திருக்க வேண்டுமாம். வெளிச்சம் போதாத மரம் சேமிப்பைத் தின்று ஐந்தாறு வாரம் தாக்குப்பிடிக்கும், அதன் பிறகுதான் காட்டும். உங்கள் 30 நாளுக்குள் எந்த மரமும் முறைப்பாடு செய்யாது.

ஜனவரி 6 அன்று தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர் முதலில், "யன்னலடியில வையுங்கோ" என்றார். ரொறன்ரோவில் இப்போது பகல் 9 மணி நேரம், அதிலும் பாதி நாள் மேகம். அதனால்தானே விளக்கு விற்கிறீர்கள்? பிறகு, "24 மணித்தியாலமும் எரிய விடுங்கோ" என்றார். மூலையில் 20ஐ 24 மணி நேரம் எரித்தாலும் 1.7 மோல்தான். கணக்கைச் சொன்னதும் சிரித்தார். "பிளாஸ்டிக் மரம் வாங்கினா லைற்றே தேவையில்லைத்தானே அண்ணை" என்றார். அந்தச் சிரிப்பு பதிவாகியிருக்கும், அழைப்புகளைப் பதிவு செய்வதாக நீங்களேதான் சொல்கிறீர்கள். தயவுசெய்து போட்டுக் கேளுங்கள்.

அவர் சொல்லித்தான் பனி கொட்டக் கொட்ட 401 நெடுஞ்சாலையில் உங்கள் மிசிசாகா பட்டறைக்கு விளக்கைச் சுமந்து போனேன். "இன்றைக்கு டெக்னீஷியன் வரேல்லை" என்றார்கள். அதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். டைமரைப் பற்றியும் சொல்ல வேண்டும்: 4, 8, 12 மணி மட்டும்தான், 14 கிடையாது, மின்சாரம் ஒருமுறை போனால் எல்லாம் அழிந்துவிடுகிறது.

இன்னொன்று, இதுதான் பெரியது. அடப்டரில் ஐரோப்பாவுக்கான சி.ஈ. முத்திரை மட்டுமே இருக்கிறது. கனடாவில் அது செல்லாது, சி.எஸ்.ஏ. அல்லது கனடாவுக்கான யு.எல்., ஈ.ரி.எல். மின் பாதுகாப்பு முத்திரை வேண்டும். ஈரப்பதத்துக்காகத் தண்ணீர்த் தட்டு வைக்கிற இடத்துக்கு மேல் தொங்குகிற மின்சாமான் இது. ஒன்ராறியோ மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுத வேண்டிய படிவம் நிரப்பித் தயாராக இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை. அக்கடையில் வேலை செய்யும் பிள்ளைகளின் வயிற்றில் அடிக்கும் எண்ணம் எனக்கில்லை.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விவரம் சொல்லி விற்ற பொருளின் ஒப்பந்தத்தை ஓராண்டுக்குள் ரத்துச் செய்யலாம். இக்கடிதத்தை அந்த அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 14 நாளுக்குள் 213 டொலர் 57 சதம் வர வேண்டும். வராவிட்டால் படிவம் தபாலில் போகும், சிறு கோரிக்கை நீதிமன்றமும் தூரமில்லை. விளக்கு வேண்டுமென்றால் ஆளனுப்பி எடுங்கள். மிசிசாகாவுக்கு இன்னொரு முறை வரமாட்டேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாடிக்கையாளர்

பி.கு.: பெட்டியின் படத்தில் வரவேற்பறை விளக்கின் கீழ் நிற்பது ஜூனிப்பர். அது குளிர்காலம் முழுக்க வெளியே உறங்க வேண்டிய மரம், சூடான அறைக்குள் வைத்தால் செத்துப்போகும். பணத்தைத் திருப்பித் தரும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள்.