மலைநடையில் வழிகாட்டி வீண்செலவு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு நடைபயணக் கழகம் ஒன்று ஹப்புத்தளைப் பக்கம் வந்து ஒருநாள் மலைநடை சென்று திரும்பிய கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இதழில் வாசித்தேன். படங்கள் அழகாக இருந்தன; எழுத்திலும் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இனி வர விரும்புவோருக்கு ஆலோசனை கூறும் இடத்தில், பாதை தெளிவாக இருப்பதால் வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்றும், சந்தேகம் வந்தால் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கேட்டுக்கொண்டே போய்விடலாம் என்றும் எழுதப்பட்டிருந்த வாக்கியம் என்னை மிகவும் வருத்தியது. பிரதேச வழிகாட்டிக்கான அனுமதிப்பத்திரம் பெற்று இந்த மலைகளில் குழுக்களை அழைத்துச் செல்பவன் என்ற முறையிலும், கொழுந்துக் கூடை சுமந்த ஒரு தாயின் மகன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

கேட்டால் அந்தப் பெண்கள் வழி சொல்வார்கள் என்பது உண்மையே. ஆனால், தோட்டம் விதித்த கிலோவை நிறைத்தால்தான் அவர்களுக்கு அன்று முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம் விழும், குறைந்தால் பாதிச் சம்பளமான அரைப்பேர்தான் என்பது ஆசிரியர் அறியாததல்ல. முப்பது பேர் கொண்ட ஒரு கூட்டம் நின்று வழி கேட்டு, பிறகு கூடையோடு திரும்பி நிற்கச் சொல்லி ஆளுக்கொரு படம் எடுத்து முடிப்பதற்குள், கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு நிறுவைக்குப் போகவேண்டிய நேரம் நெருங்கிவிடும். இழந்த கொழுந்துக்கு அந்தக் கூட்டத்தில் எவரும் ஈடு கொடுத்து நான் பார்த்ததில்லை. வழிகாட்டியின் கூலியை மிச்சப்படுத்தும் செலவு இப்படி அந்தப் பெண்களின் நாட்சம்பளத்தில் போய் விழுகிறது.

பாதை தெளிவாக இருக்கிறது என்பதும் காலை வெயிலில் மட்டுமே சரி. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடிமழை இறங்கும். அதற்கு முன்பே மூட்டம் ஏறி வந்து, பத்தடிக்கு முன்னால் செல்பவரின் முதுகும் தெரியாமல் மறைத்துவிடும். அப்படியொரு நாளில், வழிகாட்டியின்றி வந்த வேறொரு கழகத்தின் முன்வரிசையினர் தார் வீதிக்கு இறங்கி, பேருந்தில் ஏறிய பிறகுதான் பின்னால் வந்த நால்வரைக் காணவில்லை என்று அறிந்தார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய, அதாவது கத்தரித்துவிட்ட மலைக்கு மேலே பாதை பிரியும் இடத்தில், அந்த நால்வரும் மழைநீர் வடியும் கான் ஓரமாகச் சென்ற ஒற்றையடிப் பாதையைப் பிடித்து ஓடைப் பள்ளத்தில் இறங்கியிருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளும் நானும் டோர்ச்சோடு போய்ச் சேர்ந்தபோது, வழவழப்பான அடிப்பாகமுள்ள சப்பாத்து அணிந்திருந்த ஓர் அம்மையார் கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருந்தார். அட்டை கடித்த இரத்தத்தில் அவருடைய காலுறைகள் இரண்டும் ஊறியிருந்தன. அவரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்த பிள்ளைகளிடம் கழகத்தின் பொறுப்பாளர் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. தாமதமாகிவிட்டது என்று பேருந்துச் சாரதியிடம் கோபித்துக்கொண்டிருந்தார்.

குழு நடையில் முன்னால் ஒருவரும் கடைசியாக ஒருவரும் பாதை அறிந்தவர்களாக இருக்கவேண்டும். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று ஆட்களை எண்ணவேண்டும். குளவிக்கூடு தொங்கும் மரத்தடியை எல்லோரும் சத்தமின்றிக் கடக்கச் செய்யவேண்டும். குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தோட்டத் தொழிலாளர்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும் செய்தியைத் தங்கள் பத்திரிகையே அடிக்கடி வெளியிடுகிறது. நேற்றுவரை தெளிவாக ஓடிய ஊற்று இன்று சேறாக வந்தாலோ, பாதையின் மேற்கரையில் புதிய வெடிப்புக் கண்டாலோ, எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் குழுவைத் திருப்பி அழைத்துப் போகவேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகும், மலை சொல்லும் இந்த அடையாளங்களை அலட்சியம் செய்ய எங்களால் முடியாது. ஆனால் இடைவழியில் திரும்பச் சொன்னதற்காகப் பேசிய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்ட பொறுப்பாளர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

இவர்கள் நடக்கும் பாதைகள் தாமாக உண்டானவையும் அல்ல. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பீக்கோ நடைபாதையை 22 பகுதிகளாகப் பிரித்து இன்று உலகமே வந்து நடக்கிறது. அதில் பெரும் பகுதி தோட்டங்களுக்கு ஆளும் தேயிலையும் போய்வந்த பழைய பாதைகள்தாம். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தை வைத்தார் என்று நான் சொன்னால் கவனமாகக் குறித்துக்கொள்பவர்கள், அந்தச் சரிவில் பாதை வெட்டியவர்கள் யார் என்று கேட்பது மிக அரிது. தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்திறங்கி, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து, வழியிலேயே காய்ச்சலுக்கும் பசிக்கும் உயிரை விட்டவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். எம்மவர் வருகையின் 200ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மீண்டும் நடந்து வந்ததைத் தங்கள் பத்திரிகையும் மறந்திருக்காது என்று நம்புகிறேன். அந்த மக்களின் பிள்ளைகள் கற்றுத் தேர்ந்து வழிகாட்டிகளாக வந்து நிற்கும்போது, அவர்களுக்குக் கூலி கொடுப்பது வீண் என்று தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலேயே அச்சாகியிருப்பதைப் பார்த்து நான் அடைந்த வேதனை சிறிதல்ல.

ஒருநாள் நடைக்கு வரும் கழகத்தார் பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பேரம் பேசாமல் செலவழிக்கிறார்கள். வழிகாட்டியின் கூலியை முப்பது பேரும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒரு பிளேன்டீயும் வடையும் வாங்கும் காசுகூட வராது. அதைத்தான் தங்கள் கட்டுரையாளர் மிச்சம் பிடிக்கச் சொல்கிறார்.

தங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. இத்தகைய கட்டுரைகளின் முடிவில் ரயில் நேரம், தங்குமிடம், சாப்பாட்டுக் கடை என்று கட்டம் கட்டி விவரம் போடுகிறீர்கள். அதில், அனுமதி பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளவேண்டும் என்பதையும், அவருக்குரிய கூலியைப் புறப்படும் முன்பே பேசி முடிக்கவேண்டும் என்பதையும் இரண்டு வரிகளில் சேர்த்து வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மலைநடை வழிகாட்டி,
ஹப்புத்தளை.