உன் மகனுக்கு வந்த இரவல் டேப்லெட்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் மாலை நடை தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. ஆனால் பாட்டு வகுப்பை ஏன் விட்டாய்? முழங்காலுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்? நீ எழுதியிருந்த காரணம் எடுபடவில்லை. அடுத்த கடிதத்தில் வேறு ஏதாவது யோசித்து எழுது.

இங்கே எல்லோரும் நலம். மகள் மேற்படிப்புக்குப் போனதிலிருந்து அவளுடைய அறை என் தையல் அறையாகிவிட்டது. இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

பள்ளியில் மகனுக்கு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள், பெட்டியைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நானும் ஒரு பள்ளியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் இந்தப் பயத்தை அடிக்கடி பார்க்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் மனதில் வை: அது உன் மகனுடையது அல்ல, உன்னுடையதும் அல்ல. நூலகப் புத்தகம் போல இரவல். வீடுகளில் இதனால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை, இரவல் பொருளைச் சொந்தப் பொருளாக நினைத்துக் கையாள்வதால் வருபவை.

அதனால் சாதனத்தை இயக்குவதற்கு முன்பே கொஞ்சம் வேலை இருக்கிறது. பள்ளியில் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத் தாளை உட்கார்ந்து முழுதாகப் படி. உடைந்தால் யார் செலவு, காப்பீடு உண்டா, தொலைந்தால் யாரிடம் எப்போது சொல்ல வேண்டும், விடுமுறையில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பிறகு டேப்லெட்டின் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், சார்ஜர், கேபிள் எல்லாவற்றையும் உன் கைபேசியில் படம் எடு. ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய சாதனமாக இருந்தால் பழைய கீறல்கள் இருக்கலாம். வருட இறுதியில் அவை உன் மகன் கணக்கில் ஏறக்கூடாது. பின்புறம் ஒட்டியிருக்கும் பள்ளியின் அடையாள எண்ணையும் சாதனத்தின் தொடர் எண்ணையும் ஒரு தாளில் குறித்து வை. டேப்லெட் தொலைந்த பிறகு அதன் எண்ணைத் தேடும் பெற்றோரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எண் அந்த டேப்லெட்டின் முதுகில்தானே இருக்கிறது!

முதல் முறை இயக்குவதை ஒரு விடுமுறை நாள் காலையில் வைத்துக்கொள். மறுநாள் பள்ளி என்னும்போது இரவு ஒன்பது மணிக்குத் தொடங்காதே. முதலில் நன்றாகச் சார்ஜ் ஏற்று, பிறகு வீட்டு வைஃபையில் இணை. அதன் தொடர் எண் பள்ளியின் பெயரில் முன்பே பதிவாகியிருக்கும் என்பதால், இணையம் கிடைத்ததும் அது தானாகவே பள்ளியின் மேலாண்மை மென்பொருளை, அதாவது பள்ளி தன் சாதனங்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளை, தேடிப் போகும். இந்தச் சாதனத்தை ஒரு நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். திடுக்கிடாதே, அது வரத்தான் வேண்டும். பள்ளி கொடுத்த கணக்கில் மகன் நுழைந்ததும் பாடச் செயலிகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். இதற்கு நேரம் பிடிக்கும். இயங்குதளப் புதுப்பிப்பும் சேர்ந்துகொண்டால் இன்னும் அதிகம். சார்ஜரில் போட்டுவிட்டு வேறு வேலை பார். செயலி இன்னும் வரவில்லையே என்று பாதியில் அணைத்து அணைத்து இயக்குவதுதான் அதைத் தாமதப்படுத்தும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விட மறுத்தால், தேதியையும் நேரத்தையும் பார். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த சாதனத்தின் கடிகாரம் தவறாகியிருக்கும். நேரம் தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைய இணைப்புகளின் சான்றிதழ் காலாவதியானதுபோலத் தெரியும், இணைப்பு மறுக்கப்படும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல், புதுக் கடவுச்சொல் கேட்டு எங்களிடம் வருகிறவர்கள் பலர்.

அப்போதே தமிழ் விசைப்பலகையையும் சேர்த்துவிடு. ஐபேட் என்றால் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகை அமைப்புகளுமே உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்புக்குப் போய்ச் சேர்த்தால் போதும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் அஞ்சல் வழி சுலபமாகத் தோன்றும். என்னைக் கேட்டால், இப்போதுதான் தட்டச்சு பழகும் பிள்ளைக்குத் தமிழ்99தான் நல்லது. 1999-இல் தரப்படுத்தப்பட்ட அமைப்பு. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். தமிழை நினைக்கும் வரிசையிலேயே விரல் போகும். உனக்கும் எனக்கும்தான் இனி பழக்கம் மாறாது.

இனி, நீ கேட்ட கேள்வி. மகன் ஒரு விளையாட்டுக்காக உன் சொந்தக் கணக்கைப் போடச் சொல்கிறானே, போடலாமா? வேண்டவே வேண்டாம். உன் கணக்கு உள்ளே போனால் உன் படங்களும் தொடர்பு எண்களும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் அந்தச் சாதனத்துக்கு வந்து சேரும் வழி திறக்கிறது. திருப்பிக் கொடுக்கும்போது சில சாதனங்களில் உன் கணக்கின் பூட்டு அதிலேயே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. அப்புறம் அதைத் திறக்க எங்களைப் போன்றவர்கள் உன்னைத் தேடி வர வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் பள்ளியின் கட்டுப்பாடு போய்விடும் என்று எந்த நண்பனாவது அவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். போகாது. மறுபடி இயக்கியதும் நேராகப் பள்ளியின் மேலாண்மைக்கே வந்து நிற்கும். எங்கும் சேமிக்காத வீட்டுப்பாடம் மட்டும்தான் போயிருக்கும்.

பள்ளி எங்களை வேவு பார்க்குமோ என்றும் கேட்டிருந்தாய். பள்ளிக்குப் பள்ளி அமைப்பு மாறும். பொதுவாக மேலாண்மை மென்பொருளுக்குத் தெரிவது சாதனத்தின் மாதிரி, தொடர் எண், இயங்குதளப் பதிப்பு, மீதமுள்ள சேமிப்பிடம், நிறுவியிருக்கும் செயலிகள் போன்றவை. இணைய வடிகட்டி இருந்தால் எந்தத் தளங்களுக்குப் போனான் என்பது பதிவாகலாம். பள்ளிக் கணக்கில் எழுதும் கோப்புகளும் மின்னஞ்சலும் அந்தக் கணக்கின் நிர்வாகிக்கு எட்டக்கூடியவை. ஆகவே அதில் வங்கி வேலை பார்க்காதே, குடும்பப் படங்களைச் சேமிக்காதே. மகனிடமும் இதை ஒளிக்காமல் சொல்லிவிடு. தெரிந்து நடந்துகொள்ளும் வயதுதான் அவனுக்கு.

பூட்டு எண்ணைப் பற்றியும் அவனிடம் பேச வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதை நெருங்கிய நண்பனிடம் சொல்வது நட்பின் அடையாளம். நாம் பேனா மாற்றிக்கொண்டோமே, அந்த மாதிரி. ஆனால் நட்பு ஒரு வாரம் முறிந்தால் போதும், இவன் பெயரில் ஆசிரியருக்கு ஏதாவது செய்தி போயிருக்கும். யார் அனுப்பினாலும் கணக்கு இவனுடையது.

பராமரிப்பில் பேட்டரிக்குப் பெரிய எதிரி வெப்பம். லித்தியம் அயான் பேட்டரியைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டு ஏற்ற வேண்டும் என்பது பழைய வகை பேட்டரிகளின் காலத்துப் பழக்கம். இதற்கு அது நல்லதல்ல. சுமார் 20 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் அதிக நாள் உழைக்கும். அதற்காகச் சதவீதத்தை எண்ணிக்கொண்டே உட்கார வேண்டாம். தேர்வு நாளில் முழுதாக ஏற்றிக்கொண்டு போகட்டும். மெத்தையிலும் தலையணைக்கு அடியிலும் வைத்துச் சார்ஜ் ஏற்றுவதைத்தான் கண்டிப்பாக நிறுத்து, சூடு வெளியேற வழியில்லை. ஐபேட்டைப் பயன்படுத்த உகந்த வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை; அணைத்து வைத்திருந்தாலும் 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்கிறது ஆப்பிள். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் இந்த அளவு எளிதில் தாண்டிவிடும். நீண்ட விடுமுறையில் பாதிச் சார்ஜுடன் அணைத்து, குளிர்ச்சியான இடத்தில் வை. திரை ஓரத்தில் மேலெழும்பியதுபோலத் தெரிந்தாலோ முதுகு உப்பினாலோ பேட்டரி வீங்குகிறது என்று பொருள். அழுத்திப் பார்க்காதே, சார்ஜ் ஏற்றாதே. அணைத்துவிட்டுப் பள்ளிக்குச் சொல்.

துடைப்பதற்கு மைக்ரோஃபைபர் துணி போதும். பிசுக்கு இருந்தால் துணியை லேசாக ஈரமாக்கு. திரையின் மேல் எதையும் நேரடியாகத் தெளிக்காதே. கண்ணாடி துடைக்கும் திரவம், அம்மோனியா, ப்ளீச் ஆகியவை திரையின் மேலுள்ள எண்ணெய் ஒட்டாப் பூச்சைக் கெடுத்துவிடும். சட்டை நுனியால் துடைப்பதை நிறுத்தச் சொல்லிப் பயனில்லை, சொல்லிப் பார்த்தாயிற்று.

கேபிளைப் பிடுங்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் தலையைப் பிடித்து எடுக்க வேண்டும். எங்களிடம் வரும் கேபிள்கள் பெரும்பாலும் கழுத்தில்தான் முறிந்திருக்கும். உடைந்த திரைகளின் கதை வேறு. கீழே விழுந்தவை ஒருபுறம் இருக்க, பையிலேயே உடைந்தவையும் உண்டு. தண்ணீர் பாட்டிலும் டேப்லெட்டும் பையின் ஒரே அறையில் இருக்கவே கூடாது. திரைப்பக்கம் பையின் தட்டையான முதுகுப்புறத்தைப் பார்த்திருக்க வேண்டும். விசைப்பலகை உறை என்றால், நடுவில் பேனாவோ இயர்போனோ கிடக்கும்போது மூடி அழுத்தினாலே கண்ணாடி போய்விடும். தண்ணீர் பட்டால் உடனே அணைத்து, கேபிளைக் கழற்றி, கேபிள் செருகும் துளை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து உலரவிடு. ஹேர் டிரையர் வேண்டாம். தானியத்துக்குள் புதைத்து வைப்பதும் வேண்டாம், துகள்கள் அந்தத் துளைக்குள் போய்ச் சேரும்.

இவ்வளவும் செய்தாலும் ஒருநாள் உடையலாம். இதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். உடைந்த சாதனத்தைக் கொண்டுவரும் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். அம்மாவோ அப்பாவோ உடன் வந்திருந்தால், நான் உறையைத் திறக்கும் கணத்தில் பிள்ளை டேப்லெட்டைப் பார்ப்பதில்லை. பெற்றவர் முகத்தைப் பார்க்கிறது. திரையில் விரிசல் விழுந்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும், உறையைக் கழற்றாமலேயே ஓட்டியிருக்கும். அதற்குள் விரிசல் வழியே ஈரமும் தூசியும் போய், கண்ணாடியை மட்டும் மாற்றியிருக்க வேண்டிய வேலை முழுச் சாதனத்தையே மாற்றுவதில் முடியும். சில பிள்ளைகளின் விரலில் விரிசல் கிழித்த காயமும் இருக்கும். வெளியில் யாரிடமோ கொடுத்து ரகசியமாகச் சரிசெய்த டேப்லெட்டுகளும் வரும். அப்படிச் செய்தால் பல இடங்களில் உத்தரவாதமும் காப்பீடும் செல்லாது. ஒளித்ததால் பெரிதான செலவு, உடைந்ததால் வந்த செலவைவிட அதிகம். பிள்ளை ஏன் ஒளிக்கிறது என்பதற்கு நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை. நம் அப்பாக்களின் கைக்கடிகாரத்தைத் தொடப் பயந்தவர்கள்தானே நாம்.

ஆகவே இப்போதே, ஒன்றும் உடையாத இந்த நாளிலேயே, அவனோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்: எது நடந்தாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும்; அன்றைக்கே சொன்னால் திட்டு கிடையாது. இரண்டாவது பாதியைக் காப்பாற்றுவது உன் பொறுப்பு. உன் கோபம் எனக்குத் தெரியும் என்பதால்தான் எழுதுகிறேன். சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவதும் திட்டுதான் என்று அவன் எடுத்துக்கொள்வான்.

அன்றாட வேலைகளை நீ செய்யாதே, அவனிடம் விடு. சார்ஜ் ஏற்றுவது, வாரம் ஒருமுறை அணைத்து இயக்குவது, சேமிப்பிடம் நிரம்பினால் பழைய காணொளிகளை நீக்குவது எல்லாம் அவன் வேலை. இரவில் சார்ஜர் இருக்கும் இடம் மட்டும் நீ தீர்மானி: அது அவன் படுக்கும் அறையாக இருக்க வேண்டாம். கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் உள்ள எதையாவது 20 வினாடி பார்க்கச் சொல்கிறார்கள். பையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால், படிக்காமல் வேடிக்கை பார்க்கிறான் என்று உடனே குரல் கொடுக்காதே.

வருட இறுதியில் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அவனுடைய வரைபடங்கள், கட்டுரைகள், அவன் எடுத்த படங்கள் ஆகியவற்றை வேறிடத்தில் எடுத்து வைக்க வேண்டும். பள்ளி மாறினால் கணக்கே மூடப்படும், பிறகு கேட்டால் கிடைக்காது. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. நாட்காட்டியில் குறித்து வைத்தால் போதும்.

உறை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். பள்ளி உறையோடு கொடுத்திருந்தால் அதை மாற்றக்கூடாது என்று நிபந்தனை இருக்கலாம், தாளைப் பார். இல்லையென்றால் சாதனத்தின் மாதிரி எண்ணைக் குறித்து அனுப்பு. மூலைகளைத் தாங்கும்படியான உறை எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். பாட்டு வகுப்பு பற்றியும் பதில் வரவேண்டும்.

அன்புடன்,
உன் பக்கத்து இருக்கைக்காரி