கயலுக்கு: டே-கேருக்குப் போனால் பிள்ளைக்குப் பேச்சு தள்ளிப்போகுமா?

அன்புள்ள கயல்,

பதினைந்து மாதப் பிள்ளையைப் பெங்களூரில் டே-கேரில் விட்டுவிட்டு வேலைக்குப் போனால் அவனுக்குப் பேச்சு தள்ளிப்போகுமோ என்று கேட்டிருந்தாய். விட்டதனால் மட்டும் தள்ளிப்போகாது. அமெரிக்காவில் 1991இல் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனித்த பெரிய ஆய்வு இருக்கிறது. பேச்சு வளர்ச்சியைப் பொறுத்தவரை, பிள்ளை எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்பதைவிட, பார்த்துக்கொண்டவர் அதனோடு எப்படிப் பேசினார் என்பதுதான் கணக்கில் வந்தது. வீட்டுப் பழக்கத்தின் பங்கு அதைவிடப் பெரியது. அதனால் குற்றவுணர்வு வேண்டாம். இடம் பார்ப்பதில் மட்டும் கறாராக இரு.

காலை பதினொரு மணிவாக்கில் போய்ப் பார். சுவரில் ஒட்டிய படங்களை விட்டுவிட்டு, டயப்பர் மாற்றும் இடத்தருகே நில். ஒரு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவரின் முகம் முழுசாகக் கிடைப்பது அங்கேதான். "காலைத் தூக்கு… ஈரமா இருக்கா? தொடைச்சிடலாமா?" என்று கேட்டு, பிள்ளை "ங்ஆ" என்றால் "ஆமாவா!" என்று பதில் சொல்லும் ஆயாவா, இல்லை வேறெங்கோ பார்த்துக்கொண்டு துடைத்துத் தூக்கி வைப்பவரா? பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒருவர் கையில் நாலு பிள்ளைக்கு மேல் இருந்தால் "உட்காரு", "தொடாதே" தவிர வேறு பேச்சுக்கு நேரம் இருக்காது. டிவி ஓடிக்கொண்டே இருக்கும் இடம் வேண்டாம். இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்துக் கேட்க நம்மைப் போல் இந்த வயதில் முடியாது. ஆயா எத்தனை மாதமாக அங்கே இருக்கிறார் என்றும் கேள். அடிக்கடி ஆள் மாறினால் பிள்ளையின் மழலை யாருக்கும் பிடிபடாது.

உன் அலுவலகத்தையும் கேட்டுப் பார். சட்டப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும். தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம்.

ஆயா கன்னடத்தில் பேசினால் பேசட்டும். வராத இங்கிலீஷில் பேச வைக்காதே. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. அவன் சொற்களை எண்ணும்போது "தண்ணி", "நீரு" இரண்டையும் சேர்த்தே எண்ணு.

சாயங்காலம் கூட்டி வந்ததும் அரை மணி நேரம் போனைத் தள்ளி வை. அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிப் பேசு. "நா போச்சு" என்றால் "ஆமா, நாய் தெருவுக்கு ஓடிப் போச்சு" என்று நீட்டிச் சொல். பிறகு மனசுக்குள் ஐந்து வரை எண்ணி, சும்மா இரு. பெரும்பாலோர் இதில்தான் தவறுகிறோம். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். "இது என்ன, சொல்லு" என்று பரீட்சை வைக்காதே. "வாயப்பயம்" என்றால் திருத்தாதே, "ஆமா, வாழப்பழம்" என்று நீ சரியாகச் சொன்னால் போதும். ழகரம் மெதுவாகத்தான் வரும்.

சோறு ஊட்டப் போனைக் காட்டாதே. இந்த வயதுக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. எங்களோடு வீடியோ காலில் பேசுவது வேறு. நாங்கள் பதில் சொல்கிறோமே. ஆனால் அப்போதும் அவனை மடியில் வைத்துக்கொண்டு நீயும் சேர்ந்து பேசு.

பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் "பால் வேணும்" மாதிரித் தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை, அல்லது வந்த பேச்சு நின்றுபோனது என்றால், "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று யார் சொன்னாலும் காத்திராதே. முதலில் காது பரிசோதனை. சளி பிடித்த பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால், வாரக்கணக்கில் எல்லாமே அமுங்கித்தான் கேட்கும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமல்கூட இருக்கும். பக்கத்தில் மைசூரிலேயே அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது.

இன்னொன்று, முதல் நாளே செய்துவிடு. அவன் சொற்களை ஒரு தாளில் எழுதி ஆயாவிடம் கொடு. "மம்மு" என்றால் சோறு, "ம்பா" என்றால் மாடு, "தூத்து" என்றால் தண்ணீர். தாகத்தில் "தூத்து, தூத்து" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தால் அவருக்கு எப்படிப் புரியும்? மாப்பிள்ளையிடம் சொல்லி அதைக் கன்னட எழுத்தில் எழுதித் தரச் சொல். புதுச் சொல் வர வர அதில் சேர்த்துக்கொண்டே இரு.

அன்புடன்,
அம்மா